சத்தம் போடாமல் நின்றால் வருவேன்

டெய்லரம்மா: அண்ணே... மேசைக்கு அடியில என்ன பண்றீங்க?

கண்டக்டர்: ம்? ஒண்ணுமில்லம்மா... பேனா. பேனா விழுந்துடுச்சு.

டெய்லரம்மா: பேனா உங்க காதுல சொருகியிருக்கு.

கண்டக்டர்: இது வேற பேனா.

டெய்லரம்மா: நல்லா இருக்கு. முயல் கொட்டகைக்குப் பொறுப்பாளர்னு உங்களப் போட்டாங்களா, இல்ல கூட்டிப் பெருக்கப் போட்டாங்களா? முட்டியெல்லாம் மண்ணு. எந்திரிங்க, கூட்டம் வர்ற நேரம்.

கண்டக்டர்: கொஞ்சம் கை கொடு... ஆங். ஓடுற பஸ்ஸுல நின்னு நின்னு சீட்டு கிழிச்ச முட்டி இது. ரிட்டையர் ஆனப்பவே பாதி போச்சு. ஆமா, நீ எப்ப வந்தே?

டெய்லரம்மா: இப்பத்தான். ஏன்?

கண்டக்டர்: சும்மாதான். உன் கூண்டத் திறந்து பாத்தியா?

டெய்லரம்மா: இல்லியே. நீங்க பாத்தீங்களா?

கண்டக்டர்: நான் எதுக்குப் பாக்கப் போறேன்? பாக்கவே இல்ல.

டெய்லரம்மா: சரி... பாக்காதீங்க. பெட்டிக்குள்ள தூங்கிட்டிருக்கும்.

கண்டக்டர்: ஆமாமா. தூங்கட்டும். நல்லா தூங்கட்டும். நீயும் பெட்டியத் தொடாத. யாரும் தொட வேணாம்.

டெய்லரம்மா: என்னண்ணே, ராத்திரியில ஞானம் வந்துடுச்சா? நேத்து முழுக்க ‘கமிட்டித் தலைவர் திட்டுவார், பெட்டியெல்லாம் வைக்கக் கூடாது, முயல்னா கண்ணுல படணும், அதுதான் கண்காட்சி’ன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க.

கண்டக்டர்: மனுஷன் மாறக் கூடாதா?

டெய்லரம்மா: மாறலாம். இவ்வளவு வேகமா மாறினா கொஞ்சம் பயமா இருக்கு... அது சரி, கூண்டு மேல என்ன இது, பலகை? ‘சத்தம் போடாமல் நின்றால் வருவேன்.’ யாரு எழுதினது?

கண்டக்டர்: நான்தான்.

டெய்லரம்மா: நீங்களா?

கண்டக்டர்: காலையில தோணுச்சு. வர்றவங்க ‘முயல் எங்க, முயல் எங்க’ன்னு கூண்டத் தட்டுவாங்க. பெட்டிய ஏன் வச்சிருக்குன்னு ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்லி மாளாது. அதான், முயலே சொல்ற மாதிரி எழுதிட்டேன்.

டெய்லரம்மா: ‘வருவேன்’னு உறுதியாச் சொல்லிட்டீங்களே...

கண்டக்டர்: எப்பன்னு சொல்லலியே. பஸ் ஸ்டாண்டுல நாங்க என்ன சொல்லுவோம்? ‘வண்டி வரும்’. அவ்வளவுதான். ஜனங்க நிப்பாங்க.

டெய்லரம்மா: நின்னாங்கன்னா சரி. போன வருஷம் யாரு நின்னாங்க? வந்தவங்க எல்லாம் குச்சியால குத்திப் பாத்தாங்க.

கண்டக்டர்: அத ஏம்மா காலங்காத்தால...

டெய்லரம்மா: இதே மூலைக் கூண்டுதானே அண்ணே. ஒளிய ஒரு இடம் இல்ல. தலைக்கு மேல ஒலிபெருக்கி. வந்தவங்க எல்லாம் ‘எவ்வளவு சாது பாரு, அசையவே மாட்டேங்குது’ன்னாங்க. அது சாது இல்லண்ணே, பயம். பயந்தா முயல் கத்தாது, ஓட இடமில்லன்னா அப்படியே கல்லாயிடும். தீனியத் தொடாது. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு போறேன், மடியிலயே போயிடுச்சு.

கண்டக்டர்: தெரியும். நானுந்தான் ‘எல்லாரும் வாங்க, நல்ல சாது முயல்’னு ஆளக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்னைக்கு எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்சப்புறம் சோறு இறங்கல.

டெய்லரம்மா: உங்களக் குத்திக் காட்டணும்னு சொல்லல.

கண்டக்டர்: குத்தினாலும் தப்பில்ல.

டெய்லரம்மா: மத்தியானம் தலைவர் வர்றார். பெட்டியப் பாத்துட்டு, சரி வராதுன்னு அவர் தூக்கச் சொல்லிட்டார்னா முடிஞ்சுது. சரின்னு சொல்லிட்டார்னா அடுத்த வருஷம் எல்லாக் கூண்டுக்கும் பெட்டி. இந்த வரிசையில இருக்கிற ஒவ்வொரு உசுருக்கும் ஒளிய ஒரு இடம். அதுக்காகத்தான் மறுபடி இந்தக் கொட்டகைப் படி ஏறினேன். இல்லன்னா, செத்தாலும் வந்திருக்க மாட்டேன்.

கண்டக்டர்: பாத்துக்கலாம். நீ தைரியமா இரு... முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க! உள்ள இடம் இருக்கு! படியில நிக்காதீங்க!

டெய்லரம்மா: அண்ணே, இது பஸ் இல்ல.

கண்டக்டர்: பழக்கதோஷம்... சார், பச்சச் சட்ட சார், மெதுவாப் பேசுங்க. பலகையப் படிங்க. குழந்தையக் கீழ இறக்கி விடுங்க, அதுவும் பாக்கட்டும். விரல உள்ள விடாத கண்ணு. அப்படித்தான்.

டெய்லரம்மா: நிக்கிறாங்களே!

கண்டக்டர்: நிப்பாங்கன்னு சொன்னேன்ல.

டெய்லரம்மா: இவ்வளவு பேர்... மூச்சுக்கூட விடாம நிக்கிறாங்க. இதப் பாத்தா எனக்குத்தான் பயமா இருக்கு.

கண்டக்டர்: உனக்கு ஏன் பயம்?

டெய்லரம்மா: இல்ல... வரலன்னா ஏமாந்து போவாங்களேன்னு...

கண்டக்டர்: ஆங், அதோ! பாத்தீங்களா? இப்பத்தான் காது தெரிஞ்சுது. நுனிக் காது. சத்தம் போட்டுடாதீங்க, உள்ள போயிடும்.

டெய்லரம்மா: என்னது? காதா?

கண்டக்டர்: ஆமா.

டெய்லரம்மா: எந்தக் காது?

கண்டக்டர்: இடது... அதுக்கு இடது, நமக்கு வலது.

டெய்லரம்மா: நிஜமாவே பாத்தீங்களா?

கண்டக்டர்: ஏம்மா, உன் முயலுக்குக் காது கிடையாதா?

டெய்லரம்மா: இருக்கு... இருக்கு. ரெண்டு.

கண்டக்டர்: அப்புறம் என்ன? நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா. முகமே சரியில்ல. கூண்ட நான் பாத்துக்கறேன்.

டெய்லரம்மா: வேணாம், நான் இங்கயே இருக்கேன். நீங்க போய்க் குடிங்க.

கண்டக்டர்: நான் நகர மாட்டேன்.

டெய்லரம்மா: நானும் நகர மாட்டேன்.

கண்டக்டர்: சரி, ரெண்டு பேரும் இங்கயே காவல் இருப்போம். நல்ல வேலை.

டெய்லரம்மா: அண்ணே... ஒலிபெருக்கி நின்னு போச்சு, கவனிச்சீங்களா? டிராக்டர் விளம்பரம் வந்துட்டே இருந்துச்சே.

கண்டக்டர்: எலி வயரக் கடிச்சிருக்கும்.

டெய்லரம்மா: உங்க மேல் பாக்கெட்டுல என்ன, ஸ்க்ரூடிரைவரா?

கண்டக்டர்: எலிக்கிட்டேர்ந்து பிடுங்கினேன்.

டெய்லரம்மா: அண்ணே!

கண்டக்டர்: சிரிக்காத, சத்தம் கேக்கும்... ஆனா அந்தப் பக்கம் பாரேன். நாலாவது கூண்டு. தொங்கு காதுக்காரன்.

டெய்லரம்மா: எங்க... அட! முகம் கழுவுது.

கண்டக்டர்: ரெண்டு நாளா மூலையில முதுகக் காட்டிட்டு உக்காந்திருந்தான். பக்கத்துல கறுப்பனப் பாரு, காலை நீட்டிப் படுத்துட்டான். இந்தக் கொட்டகையில ஒரு முயல் காலை நீட்டி நான் பாத்ததே இல்லம்மா.

டெய்லரம்மா: கறுப்பன் கூண்டுல அது என்ன அட்டை?

கண்டக்டர்: சோப்பு டப்பா வந்த அட்டைப்பெட்டி. கறுப்பனோட ஆளு காலையில வந்து ‘டெய்லரம்மா வச்ச மாதிரி நானும் வச்சுக்கட்டுமா’ன்னு கேட்டார். வச்சுக்கோன்னேன். அதப் பாத்துட்டு வரிசையில பாதிப் பேர் வச்சாச்சு. பிஸ்கட் அட்டை, செருப்பு அட்டை... கையில கிடைச்சத வெட்டி ஓட்டை போட்டுட்டாங்க.

டெய்லரம்மா: நீங்க விட்டுட்டீங்களா? தலைவர் கேட்டா?

கண்டக்டர்: கேட்டா என் தலை. ஏற்கெனவே போற தலைதான்.

டெய்லரம்மா: ஏன் அப்படிச் சொல்றீங்க?

கண்டக்டர்: சும்மா ஒரு பேச்சுக்கு.

டெய்லரம்மா: அண்ணே... புல்லு எங்க?

கண்டக்டர்: எந்தப் புல்லு?

டெய்லரம்மா: நேத்து சாயங்காலம் பெட்டி வாசல்ல ஒரு கைப்பிடி வச்சேன். இப்ப நாலு இழைதான் கிடக்கு.

கண்டக்டர்: தின்னுடுச்சு.

டெய்லரம்மா: தின்னுடுச்சா? எது?

கண்டக்டர்: எதுன்னா? புலியா வந்து தின்னுது? உன் முயல்தான். வெளுத்துக் கட்டுது. நீ அந்தப் பக்கம் திரும்பியிருந்தே.

டெய்லரம்மா: நீங்க... உங்க கண்ணால பாத்தீங்க.

கண்டக்டர்: மூக்கு மட்டும் வந்துச்சு. கவ்வுச்சு. போயிடுச்சு.

டெய்லரம்மா: எனக்குத் தலை சுத்துது. கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

கண்டக்டர்: நான் சொன்னேன்ல, டீ குடின்னு... அய்யோ. எந்திரி எந்திரி. தலைவர்.

தலைவர்: என்னய்யா இது? கொட்டகையா, ஆஸ்பத்திரி வார்டா? எல்லாரும் குசுகுசுன்னு பேசறாங்க?

கண்டக்டர்: வாங்க சார். கொஞ்சம்... மெதுவா சார்.

தலைவர்: என்னையே மெதுவாங்கறியா?

கண்டக்டர்: உங்களச் சொல்வேனா? உங்க குரல மட்டும்தான் சார்.

தலைவர்: வாசல் வரைக்கும் வரிசை நிக்குது. மாட்டுக் கொட்டகையில ஈ ஓட்டறாங்க, கூட்டம் பூரா இங்க. சரி, நல்ல முயலா இருக்கும்னு வந்தா... இது என்ன, மரப்பெட்டி? பெட்டிக்குத் திரைச்சீலை வேற!

டெய்லரம்மா: நான் தச்சது சார். வெளிச்சம் நேரா உள்ள அடிக்காம இருக்க.

தலைவர்: நீங்கதானா அந்த டெய்லரம்மா? பெட்டி வேணும், பெட்டி வேணும்னு ஆளு மேல ஆளு விட்டுச் சொன்னது? ஏம்மா, ஜனங்க முயலப் பாக்க வர்றாங்களா, பெட்டியப் பாக்க வர்றாங்களா?

டெய்லரம்மா: முயலத்தான் சார். ஆனா முயலும் ஜனங்களப் பாக்குதே. ஒரே சமயத்துல ஆயிரம் முகம். அதுக்குப் பிடிக்கலன்னா போய் ஒளிஞ்சுக்க ஒரு இடம் வேணாமா?

தலைவர்: பேச்சு நல்லாத்தான் இருக்கு. மூடியக் கொஞ்சம் தூக்குங்க, பாத்துட்டுப் போறேன்.

கண்டக்டர்: வேணாம் சார்!

டெய்லரம்மா: வேணாம் சார்!

தலைவர்: என்னய்யா ரெண்டு பேரும் கோரஸ் பாடறீங்க?

கண்டக்டர்: அது... சார், நீங்க வீட்டுல அசந்து தூங்கறீங்க. யாரோ வந்து கூரையப் பிச்சு எட்டிப் பாத்தா எப்படி இருக்கும்?

தலைவர்: அடி விழும்.

கண்டக்டர்: முயல் யாரையும் அடிக்க முடியாது சார். உள்ளுக்குள்ளயே வச்சுக்கும். அப்புறம் சாப்பிடாது. போன வருஷம் பட்டோம்.

டெய்லரம்மா: இன்னொண்ணு சார். உங்களுக்குத் தூக்கினா, பின்னாடி நிக்கிற எல்லாருக்கும் தூக்கணும்.

தலைவர்: ம்... உள்ள முயல் இருக்கா முதல்ல? கூண்டு காலியா இருந்தா என்ன விதின்னு தெரியும்ல? கொண்டு வந்தவங்க மறுபடி வர முடியாது. பொறுப்பாளரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கண்டக்டர்: யாரு சார் காலின்னது?

டெய்லரம்மா: காலியா? என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க?

தலைவர்: சும்மா கேட்டேன், ஏன் குதிக்கறீங்க? சரி, ஒரு ஸ்டூல் போடு. எல்லாரும் நிக்கறாங்க, நானும் உக்காந்து பாக்கறேன்.

கண்டக்டர்: உங்களுக்குத் தலைக்கு மேல வேலை இருக்குமே சார்...

தலைவர்: ஸ்டூல் போடுய்யா.

கண்டக்டர்: இந்தாங்க சார்.

தலைவர்: எவ்வளவு நேரம் ஆகும்?

கண்டக்டர்: அது இஷ்டம் சார். செல்போன மட்டும் அமத்தி வச்சிடுங்க.

தலைவர்: அமத்தியாச்சு... அது என்னய்யா ‘கறுக் கறுக்’னு?

டெய்லரம்மா: எதிர்க் கூண்டு சார். கேரட் கடிக்குது.

தலைவர்: இது இவ்வளவு தூரம் கேக்குமா? ... அந்தச் செம்பழுப்பு என்ன பண்ணுது? முன்னங்கால நக்கி நக்கி... காத இழுத்துப் பிடிச்சு...

டெய்லரம்மா: குளிக்குது சார். பயம் போனாத்தான் அதெல்லாம் செய்யும்.

தலைவர்: பாரேன்... பாரேன், என்னையே பாத்துட்டு மறுபடி காது தேய்க்குது! எத்தனை வருஷமா ரிப்பன் வெட்டித் திறந்து வைக்கிறேன். முயல்னா பஞ்சுப் பொதி மாதிரி உக்காந்திருக்கும்னுதான் நினைச்சேன். இது என்ன சேட்டை!

கண்டக்டர்: சார், கொஞ்சம் மெதுவா.

தலைவர்: அட, மெதுவாத்தான்யா பேசறேன்... அந்த மூலையில நிக்குதே குட்டிப் பொண்ணு, அதுக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தா இப்படி வாயப் பொத்திட்டு நிக்க?

டெய்லரம்மா: யாரும் சொல்லல சார். கறுப்பன் மூக்க நீட்டி மோந்து பாத்துச்சு. அதுலேர்ந்து அப்படியே நிக்குது. வீட்டுக்கு வர மாட்டேங்குதாம்.

தலைவர்: வரவேண்டாம், நிக்கட்டும்... சரி. கேட்டுக்கோ கண்டக்டர். அடுத்த வருஷம் எல்லாக் கூண்டுக்கும் பெட்டி. நாமே செஞ்சு போட்டுடலாம், நம்ம செலவுல. அட்டையில வேணாம், இந்த மாதிரி மரத்துல. கூண்டுக்கு முன்னாடி கயிறு கட்டு, கை எட்டக் கூடாது. ஒலிபெருக்கிய மாட்டுக் கொட்டகைக்கு மாத்திடு.

கண்டக்டர்: மாட்டுக்கும் காது இருக்கு சார்.

தலைவர்: ஆமால்ல... சரி, வாசல்ல வை. திரைச்சீலையெல்லாம் இந்தம்மாகிட்டயே தைக்கக் கொடு. என்னம்மா, ஏன் கண் கலங்கறீங்க? சரின்னுதானே சொன்னேன்?

டெய்லரம்மா: அதான் சார் கலங்குது... இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?

தலைவர்: இடம் கொடுத்தா... சரி, கேளுங்க.

டெய்லரம்மா: முடியாமப் போன முயல பாதியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக விடணும் சார். காலிக் கூண்டுக்குத் தடைங்கற விதி இருக்கறதாலதான், சாப்பிடாத முயலக்கூட கடைசி நாள் வரைக்கும் பிடிச்சு வச்சிருக்காங்க.

தலைவர்: அதுவும் நியாயந்தான். முயல் என்ன கையெழுத்துப் போட்டுட்டா வந்திருக்கு? முடியலன்னா போகட்டும். காரணம் எழுதி ஒரு அட்டை தொங்க விடுங்க, போதும். இன்னைக்கே அறிவிப்புல சொல்லிடறேன்... ஏம்மா, யாராவது அப்படிக் கூட்டிட்டுப் போயிட்டாங்களா?

டெய்லரம்மா: இல்ல சார்... பொதுவாச் சொன்னேன்.

தலைவர்: சரி, நான் வரேன். உங்க முயலத்தான் கடைசி வரைக்கும் பாக்கல.

கண்டக்டர்: அடுத்த வருஷம் சார். முதல் ஆளா காட்டிடறேன்... பாத்து சார், வயர் கிடக்கு... போயிட்டாரா?

டெய்லரம்மா: போயிட்டார்.

கண்டக்டர்: அப்பாடி.

டெய்லரம்மா: அண்ணே! எல்லாக் கூண்டுக்கும் பெட்டி! காதுல விழுந்துச்சா?

கண்டக்டர்: விழுந்துச்சும்மா. சாதிச்சுட்டே. சாதிச்சுட்டே தாயே.

டெய்லரம்மா: நாம சாதிச்சோம்... அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும்.

கண்டக்டர்: நான் முதல்ல சொல்லிடறேன். இல்லன்னா எனக்குச் சொல்ல வாய் வராது. கூட்டம் அந்தப் பக்கம் போகட்டும்... நீ உக்காரு.

டெய்லரம்மா: உக்காந்துட்டேன். சொல்லுங்க.

கண்டக்டர்: என்னைத் திட்டு, நாலு அறை கூட விடு, வாங்கிக்கறேன். அந்தப் பெட்டி காலிம்மா. காலையில வந்தேன். கூண்டுக் கதவு திறந்து கிடக்கு. பெட்டியத் தூக்கிப் பாக்கறேன், முயல் இல்ல. நேத்து சாயங்காலம் கடைசியா தண்ணி மாத்தினது நான்தான். கொக்கி போட்டேனா இல்லையான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரல. ஓடிப் போச்சும்மா. என்னாலதான்.

டெய்லரம்மா: அண்ணே...

கண்டக்டர்: இரு, சொல்லிடறேன். எல்லா மேசைக்கு அடியிலயும் தவழ்ந்து தேடிட்டேன். டிராக்டர் நிக்கிற இடம் வரைக்கும் போய்ப் பாத்தேன். கிடைக்கல. போன வருஷம் ஒண்ணு, இந்த வருஷம் இன்னொண்ணுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? தலைவர் வந்துட்டுப் போற வரைக்கும் சமாளிப்போம், உன் பெட்டியாவது நிலைக்கட்டும்னுதான் பலகை எழுதினேன்.

டெய்லரம்மா: அப்ப... நீங்க பாத்த காது?

கண்டக்டர்: பொய்.

டெய்லரம்மா: கவ்வின மூக்கு?

கண்டக்டர்: அதுவும் பொய். புல்ல நான்தான் எடுத்து பேன்ட் பாக்கெட்டுல திணிச்சேன். இதோ பாரு. அழறியா, சிரிக்கறியா? ஏதாவது சொல்லும்மா, எனக்கு உயிரே போகுது.

டெய்லரம்மா: அது ஓடலண்ணே. விடியறதுக்கு முன்னாடியே வாட்ச்மேனக் கெஞ்சி உள்ள வந்து, நான்தான் தூக்கிட்டுப் போனேன். நேத்து சாயங்காலம் தீனிய மோந்துகூடப் பாக்கல, எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. அந்த இருட்டுல கொக்கி போட மறந்தவளும் நான்தான். உங்ககிட்டச் சொன்னா நீங்க மேல சொல்லியாகணும், மறைச்சா உங்க வேலை போகும். அதான் வாயக் கட்டிட்டு, காலிப் பெட்டியில புல்லு எப்படிக் குறையுதுன்னு குழம்பிட்டு உக்காந்திருந்தேன். முதல்ல கண்ணத் தொடைங்க. இப்பத்தான் வீட்டுலேர்ந்து போன்ல மெசேஜ் வந்துச்சு... தையல் மெஷினுக்கு அடியில உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சிடுச்சாம்.